யாருடைய சூழலை அறிகிறது கருவி?

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நூறு நாள் வேலைச் சட்டத்தை அகற்றிவிட்டு, அதன் இடத்தில் ‘விபி-ஜி ராம் ஜி’ என்று சுருக்கி அழைக்கப்படும் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. காந்தியின் பெயர் நீக்கப்பட்டது பேசப்பட்டது. வேலை நாட்கள் 125 ஆக உயர்ந்ததும், செலவில் 40 விழுக்காடு மாநிலங்களின் தலையில் விழுந்ததும் பேசப்பட்டன. உடலடையாளச் சரிபார்ப்பு, ஜிபிஎஸ் அல்லது கைப்பேசி வழியான பணித்தளக் கண்காணிப்பு, முறைகேட்டைக் கண்டறியச் செயற்கை நுண்ணறிவு ஆகியவை சட்டத்தின் உடலுக்குள்ளேயே இடம்பெற்றுவிட்டன என்பது மட்டும் போதிய அளவு பேசப்படவில்லை. அதுவரை அமைச்சகத்தின் சுற்றறிக்கையாக இருந்த ஒன்று, இப்போது சட்டமாகியிருக்கிறது. சுற்றறிக்கையை எதிர்த்துப் போராடித் திரும்பப் பெறச் செய்யலாம். சட்டத்தை அவ்வாறு செய்வது எளிதன்று.

இதைப் பண்ருட்டி வட்டாரத்திலிருந்து பார்ப்பது பொருத்தமாக இருக்கும் என்று கருதுகிறோம். பண்ருட்டி என்றதும் பலாவும் முந்திரியும் நினைவுக்கு வரும். முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்களின் கைகள் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. கொட்டையின் ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் தோலை அரிக்கும். விரல் நுனிகள் கறுத்து உரியும். அந்த விரலை வைத்துத்தான் ரேசன் கடையிலும் வங்கி முகவரிடமும் ‘நான்தான் நான்’ என்று அவர்கள் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. கடலூர் மாவட்ட மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 29 விழுக்காடு. மாநிலச் சராசரியைவிட வெகுவாக மிகுதி. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் வருவோரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். எனவே கருவி முதலில் யார் முகத்தைப் படம்பிடிக்கிறது என்று கேட்டால், விடை ஏரிக்கரையிலேயே நிற்கிறது.

இந்தக் கருவிகளுக்குப் பின்னால் முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓர் ஆய்வுத்துறை இருக்கிறது. ‘சூழல் அறியும் கணிமை’ என்றும் ‘எங்கும் நிறைந்த கணிமை’ என்றும் அதைச் சொல்லலாம். கணினி மேசையை விட்டிறங்கிச் சுவரிலும் சட்டைப்பையிலும் மணிக்கட்டிலும் கலந்து, கண்ணுக்குத் தெரியாமல் மனிதர்க்கு உதவும் என்ற கனவை ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தைச் சேர்ந்த மார்க் வைசர் 1991இல் ‘சயின்டிபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதினார். அதையடுத்து 1994இல் அவ்வாய்வகத்தோடு தொடர்புடைய பில் ஷிலிட், நார்மன் ஆடம்ஸ், ராய் வான்ட் மூவரும் சூழல் அறியும் மென்பொருள்களை வகைப்படுத்தினர். எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய், அருகில் என்ன இருக்கிறது என்பவையே அவர்கள் கணக்கில் சூழல். பின்னர் அனிந்து தே தந்த விளக்கம் இன்றளவும் பாடநூல்களில் நிற்கிறது. ஒரு மனிதர், இடம் அல்லது பொருளின் நிலைமையைக் குறிக்க உதவும் எந்தத் தகவலும் சூழலே. ஆனால் அம்மனிதரோ இடமோ பொருளோ, பயனருக்கும் மென்பொருளுக்கும் இடையிலான உறவுக்குத் தொடர்புடையதாக இருக்கவேண்டும் என்பது அதன் சாரம்.

‘தொடர்புடையது’ என்ற சொல்லில்தான் அரசியல் முழுவதும் ஒளிந்திருக்கிறது. தொடர்புடையது எது என்று முடிவு செய்பவர் யார்?

இத்துறையின் முதல் கருவிகளில் ஒன்று, 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகத்தில் உருவான அடையாள வில்லை. சட்டையில் குத்திக்கொண்டால், ஏறத்தாழ 15 நொடிக்கு ஒருமுறை அகச்சிவப்புக் குறிப்பொன்றை அது வெளியிடும். ஆள் எந்த அறையில் இருக்கிறார் என்று தெரியும். அவருக்கு வரும் தொலைபேசி அழைப்பை அந்த அறைக்கே திருப்பி விடுவார்கள். அதை அணிந்தவர்கள், அதைப் படைத்த ஆய்வாளர்களும் அவர்களுடைய உடன்பணியாளர்களும். தம் வசதிக்காகத் தாமே அணிந்தார்கள். பிடிக்காதபோது கழற்றி மேசையில் வைக்க அவர்களால் முடிந்தது.

அதே எண்ணம் இந்தியாவுக்கு வந்தபோது யார் கையில் ஏறியது? நாக்பூர், பஞ்ச்குலா, சண்டிகர் ஆகிய நகரங்களில் தூய்மைப் பணியாளர்களின் மணிக்கட்டில் ஜிபிஎஸ் கடிகாரமாக ஏறியது. ஒதுக்கிய தெருவை விட்டு விலகினால் அலுவலகத் திரையில் தெரியும், கூலி பிடிக்கப்படும். கழிப்பறைக்குப் போகும்போதும் யாரோ பார்க்கிறார்களோ என்று பெண் பணியாளர்கள் அஞ்சினார்கள். கடிகாரத்தில் ஒலிவாங்கி இருப்பதால் பேச்சும் கேட்கப்படும் என்ற அச்சம் வேறு. எதிர்ப்புகள் நடந்தன, கடிகாரத்தைக் கழற்றி எறிந்தவர்களும் உண்டு. இந்நகரங்களில் ஆணையருக்கோ பொறியாளருக்கோ அத்தகைய கடிகாரம் கட்டியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

மணிக்கட்டில் கட்டப்படும் அடையாளம் நமக்குப் புதிதன்று. 1936இல் வெளியான ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். மராத்திய நாட்டில் தீண்டப்படாதோர் மணிக்கட்டிலோ கழுத்திலோ கறுப்புக் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். தவறித் தொட்டுவிட்டு இந்துக்கள் தீட்டுப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக. பேஷ்வாக்களின் தலைநகரான புனேயில் இடுப்பில் துடைப்பமும் கழுத்தில் மண்கலயமும் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். ஓர் உடல் எங்கே இருக்கிறது, யாருக்கு அருகில் இருக்கிறது என்பதை மற்றவர்க்கு அறிவிக்கும் ஏற்பாடு என்று பார்த்தால், மின்கலம் இல்லாத சூழல் அறியும் கருவிகள் இவை. 2024இல் நீதியரசர் சந்துரு குழு பள்ளிகளில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்ததை இவ்விடத்தில் நினைத்துக்கொள்வோம். அங்கே கயிறு ஆதிக்கத்தின் பெருமை. புனேயில் அடிமையின் முத்திரை. கட்டியவர் யார், கட்டச் செய்தவர் யார் என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது. கருவிக்கும் அப்படியே.

இனி, அறியப்படாத சூழலுக்கு வருவோம்.

மலக்குழிக்குள் ஐதரசன் சல்பைடு என்னும் வாயு தேங்குகிறது. காற்றைவிடக் கனமானது, எனவே அடியில் படியும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு கூடும்போது மோப்ப நரம்பையே அது மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதால் ஆபத்து நீங்கியது என்று இறங்குபவர் நினைக்கக்கூடும். இரண்டு மூன்று மூச்சில் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் விழுவார். ஒரே குழியில் இருவர், மூவர் என்று செய்தி வருவதன் காரணம் இதுதான். மனித மூக்கு ஏமாறும் இடத்தில் ஏமாறாத கருவி ஒன்று உண்டு. உள்ளங்கையில் அடங்கும் வாயு அளவி. நச்சு வாயுவின் அளவையும் உயிர்வளியின் குறைவையும் காட்டி அலறும். ‘சூழல் அறிதல்’ என்ற சொற்றொடருக்கு இதைவிட நேர்மையான பொருள் வேறெதுவும் இருக்க முடியாது. அது ஒன்றும் எட்டாத தொழில்நுட்பமும் அன்று. சுரங்கங்களிலும் எண்ணெய் ஆலைகளிலும் பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது.

கையால் மலம் அள்ளுதலைத் தடை செய்யும் சட்டம் வந்தது 2013இல். மலக்குழியில் இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது 2014இல். அத்தொகை முப்பது லட்சமாக உயர்ந்தது 2023 அக்டோபரில். சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரைக் குழிக்குள் இறக்குவதற்கு நீதிமன்றம் முற்றாகத் தடை விதித்தது 2025 ஜனவரியில். இத்தனைக்கும் நடுவே, 1993 முதல் பதிவான மலக்குழி மரணங்களில் தமிழ்நாடே முதலிடம் என்பது ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த கணக்கு. கேரளத்தின் ஜென்ரோபோடிக்ஸ் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த ‘பாண்டிகூட்’ எந்திரம் தமிழ்நாட்டுக்கும் வந்தது; கும்பகோணத்தில் இறங்கியது. இவற்றை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நகராட்சி, பேரூராட்சி, தனியார் வீட்டுக் கழிவுத்தொட்டி என்று கீழே வரவர எந்திரம் மறைந்து மனிதர் தெரிகிறார். பணியாளர் தெருவில்தான் இருக்கிறார் என்று அறியும் கருவிக்கு நிதி கிடைக்கிறது. அவர் இறங்கப்போகும் குழியில் என்ன இருக்கிறது என்று அறியும் கருவிக்குக் கிடைப்பதில்லை.

பொறியியல் கல்லூரி மாணவர்களிடம் ஒரு செய்தி. இறுதியாண்டுச் செயல்திட்டங்களில் ‘அறிவார்ந்த குப்பைத்தொட்டி’ நிரந்தரமாக ஓர் இடம் பிடித்திருக்கிறது. தொட்டி நிறைந்தால் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகும். நல்லது. அந்தச் செய்தியைப் பெற்றபின் வெறுங்கையால் தொட்டியைக் கவிழ்ப்பவர் அச்செயல்திட்டத்தின் வரைபடத்தில் எந்தப் பெட்டியில் இருக்கிறார் என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

பண்ருட்டிக்கு அருகிலேயே இந்த ஏற்றத்தாழ்வைத் தெளிவாகக் காணலாம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கியது. அங்கே நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு ஊற்றுநீர் இருக்கிறது. அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைத் தணித்தால்தான் சுரங்கத்தின் தரை பிளக்காமல் நிற்கும். நிலத்தடி நீரின் மட்டத்தை ஓயாமல் அறிந்துகொண்டே இருப்பது அத்தொழிலின் உயிர்நாடி. மண்ணின் மனநிலையை இவ்வளவு நுட்பமாக அறியக் கற்ற அதே வளாகத்தில், இரண்டாம் அனல்மின் நிலையத்தின் கொதிகலன் பகுதியில் 2020 மே 7ஆம் நாளும் ஜூலை 1ஆம் நாளும், எட்டே வாரங்களில் இருமுறை வெடிப்பு நேர்ந்தது. இரண்டிலும் சேர்த்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தனர். அளவிகள் இல்லாத இடமன்று அனல்மின் நிலையம். இருந்தும், முதல் வெடிப்பு தந்த அறிவு இரண்டாவதைத் தடுக்கவில்லை. கருவி அறிவது ஒன்று. அறிந்ததன் பேரில் வேலையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது வேறொன்று. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அவ்வதிகாரம் இல்லை.

இப்போது ஏரிக்கரைக்குத் திரும்புவோம். என்எம்எம்எஸ் என்னும் கைப்பேசிச் செயலியை ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2021 மே மாதம் அறிமுகம் செய்தது. 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து அனைத்துப் பொதுப் பணித்தளங்களிலும் கட்டாயமாக்கியது. பணித்தளப் பொறுப்பாளர் காலையில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் தொழிலாளரை நிறுத்திப் படமெடுக்க வேண்டும். படத்தோடு நேரமும் இடத்தின் ஆயத்தொலைவும் பதியும். சிக்னல் இல்லையென்றால், சர்வர் திணறினால், வந்தவர் வராதவர் ஆகிவிடுவார். வெட்டவேண்டிய மண்ணை முற்பகலிலேயே வெட்டி முடித்தவர்கள், இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்திருக்க வேண்டும். வேலைக்குக் கூலி என்பது போய், படத்துக்குக் கூலி என்றாயிற்று. 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாட்கூலி 336 ரூபாய். ஒரு படம் ஏறாமற்போனால் அதில் கைவைக்கப்படுகிறது. 2023இன் தொடக்கத்தில் தில்லி ஜந்தர் மந்தரில் பல மாநிலத் தொழிலாளர்கள் முறை வைத்து நூறு நாள் போராட்டம் நடத்தியது இதற்கும் சேர்த்துத்தான்.

ஊழல் ஒழிந்ததா? அமைச்சகமே 2025 ஜூலையில் விடை சொன்னது. வேலைக்குத் தொடர்பில்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன. படத்தையே படமெடுத்து ஏற்றுகிறார்கள். படத்திலுள்ள தலைகளும் பட்டியலிலுள்ள பெயர்களும் பொருந்தவில்லை என்றெல்லாம் சுற்றறிக்கையில் அடுக்கியது. தீர்வு, ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் மனிதர்கள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும் என்பது. மனிதரை நம்பாமல் கருவியை வைத்தார்கள். கருவியை நம்பாமல் மறுபடி மனிதரை வைத்தார்கள். இடையில் கூலியை இழந்தவர்களைப் பற்றிச் சுற்றறிக்கைக்குக் கவலை இல்லை. ஏமாற்றத் தெரிந்தவர் ஏமாற்றிக்கொண்டே இருக்க, நேர்மையாக மண் வெட்டியவர்தாம் செயலியின் முன் நடுங்கி நின்றார்.

சாதி இக்கணினிகளுக்குத் தெரியாது என்று சொல்வோர் உண்டு. நன்றாகவே தெரியும். 2021-22 நிதியாண்டில் நூறு நாள் வேலைக் கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, ஏனையோர் என்று மூன்றாகப் பிரித்து வழங்குமாறு ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. விளைவு, ஒரே ஏரியில் ஒரே நாளில் அடுத்தடுத்து நின்று மண் சுமந்தவர்களில் ஒரு பிரிவினர்க்குக் கூலி முன்னேயும் மற்றவர்க்குப் பின்னேயும் வந்தது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் ‘உங்களுக்கு மட்டும் எப்படி வந்தது’ என்ற கேள்வி எழுந்தது. பணித்தளத்தில் இருந்த சிறு ஒற்றுமையும் குலைந்தது. எதிர்ப்புக் கிளம்பி அவ்வாண்டு முடிவதற்குள் ஏற்பாடு கைவிடப்பட்டது. கணக்குத் தலைப்பாகச் சாதியை அறிந்த மென்பொருள், ஊருக்குள் சாதி என்ன செய்யும் என்பதை அறியவில்லை.

இதே கடலூர் மாவட்டத்தில் இன்னொரு படம் உண்டு. 2020 அக்டோபரில் வெளியே வந்தது. தெற்குத் திட்டை ஊராட்சியின் தலைவர், ஒரு தலித் பெண், ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் அமர்ந்திருக்கிறார், மற்றவர்கள் நாற்காலியில். அந்தப் படத்தை என்எம்எம்எஸ் செயலியிடம் கொடுத்தால் என்ன அறியும்? இடம் சரி, நேரம் சரி, தலைகளின் எண்ணிக்கை சரி, அனைவரும் வருகை. படத்தில் இருக்கும் ஒரே உண்மை அதற்குத் தெரியாது. அதைப் பார்த்த எவருக்கும் நொடியில் தெரிந்தது. கணினி ஆய்வாளர் பால் டூரிஷ் 2004இல் தம் துறையினரை நோக்கி எழுப்பிய மறுப்பை இதைக்கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். சூழல் என்பது பாத்திரத்தில் ஊற்றி அளக்கும் தகவல் அன்று; மனிதர் தம்முள் நடந்துகொள்ளும் முறையில் அது கணந்தோறும் உருவாகிறது என்றார் அவர். தமிழ்நாட்டின் ஊரும் சேரியும் அதற்கு வேறு சான்று கேட்கமாட்டா. இங்கே ஆயத்தொலைவு வெறும் எண் அன்று. ஒரு தெருவின் புள்ளியைச் சொன்னால் அங்கே வாழ்வோரின் சாதியையும் சொன்னதாகிறது. கைப்பேசி நம் இருப்பிடத்தை யாருக்கெல்லாம் அனுப்புகிறதோ, கடன் தரும் செயலியாயினும் காப்பீட்டு நிறுவனமாயினும், அவர்கள் கேளாமலே நம் சாதியை ஊகிக்க வழி திறந்துவிடுகிறது. இந்தியாவுக்கான நெறிமுறை ஆய்வில் சாதியைக் கணக்கில் கொள்ளவேண்டும் என்று நித்யா சாம்பசிவனும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் வலியுறுத்தினர். அக்குரல் இன்னும் ஓரத்திலேயே இருக்கிறது.

சட்டம் காக்குமா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது 2017இல். அதன்பின் வந்த 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஏழாம் பிரிவில், வேலைவாய்ப்பு நோக்கத்துக்காக ஒருவரின் தரவைக் கையாள அவர் ஒப்புதலே தேவையில்லை என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மணிக்கட்டுக் கடிகாரம் அந்தக் கதவு வழியாக நிமிர்ந்தே நடந்து வரும். அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் திருத்தி, தனிநபர் தகவல் என்ற பெயரில் ஆவணங்களை மறுக்க அதிகாரிகளுக்கு வசதி செய்திருக்கிறது. தொழிலாளியின் உடல் அரசுக்குத் திறந்திருக்க, அரசின் ஏடு தொழிலாளிக்கு மூடிக்கொள்கிறது.

கைப்பேசியே வேண்டாம் என்பது நம் நிலைப்பாடு அன்று. வன்கொடுமைகளைப் படம்பிடித்து உலகுக்குக் காட்டியதும் அதே கைப்பேசிதான். தெற்குத் திட்டை வெளியே தெரிந்ததும் ஒரு படத்தால்தான். நாம் கேட்பது அளவியின் முனையைத் திருப்புவதை. வாயுவை அளக்கும் கருவி இல்லாத எந்த உள்ளாட்சியும் பணியாளரை அளக்கும் கருவி வாங்கக் கூடாது. இயந்திரம் ‘வரவில்லை’ என்றதை மட்டும் வைத்து ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது. வரவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது. பணித்தளத்தில் எடுத்த படம் எங்கே போகிறது, எவ்வளவு காலம் இருக்கும், யார் பார்க்கலாம் என்பது படத்தில் நிற்பவருக்குத் தமிழில் எழுதித் தரப்படவேண்டும். விரல் தேய்ந்தவர்க்கு மாற்று வழி சலுகையாக இல்லாமல் உரிமையாக இருக்கவேண்டும்.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. பண்ருட்டி ஒன்றியத்து ஊராட்சிகளிலும் நடக்கும். அடுத்த கூட்டத்துக்குப் போகும் தோழர்களும் மாணவர்களும் இரண்டு கேள்விகளைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். கடந்த ஆறு மாதத்தில் படம் ஏறாத காரணத்தால் எத்தனை நாட்கூலி நின்றது, யார் யாருக்கு? ஊராட்சியிடமோ பக்கத்து நகராட்சியிடமோ வேலை செய்யும் நிலையில் வாயு அளவி எத்தனை, கடைசியாக எந்த நாளில் அது குழிக்குள் இறக்கப்பட்டது?